ரத்தினம் அண்ணனின் இரண்டு கிண்ணங்கள்

இந்த மே மாதம் கிளப்பில் நடந்த கோடை விருந்துக்குப் பழ ஒயினை டின்னில் வரவழைத்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கியதாம். டின்னைத் திறந்து ஐஸ் மேல் ஊற்றினால் வேலை முடிந்தது. இப்போது பாரில் நிற்கும் பிள்ளைகள் இரண்டு பேர் மறுநாள் எனக்குப் போன் செய்தார்கள். "அங்கிள், முன்னாடி இத நீங்களே கலக்குவீங்களாமே. மெம்பர்ஸ் எல்லாம் அதையே கேட்டுக்கினு இருந்தாங்க. எப்படிப் பண்ணுவீங்கன்னு கொஞ்சம் எழுதி அனுப்புங்களேன்" என்றார்கள்.

செய்முறையை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். எழுத உட்கார்ந்தபோது அது மட்டும் தனியாக வரவில்லை.

என் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில், சாம்பியன் ரீப்ஸ் ஷாஃப்டில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். "நீ கேஜ்ல ஏறி சுரங்கத்துக்குள்ள எறங்க வேணாம், வெளிச்சத்துல வேல பாரு" என்று சொல்லி, ஊரில் இருந்த ஒரு சின்ன கிளப்பில் எனக்குக் கிளாஸ் கழுவும் வேலை வாங்கிக் கொடுத்தார். கிளப்பின் பெயர் இங்கே வேண்டாம். பிறகு சுரங்கம் மூடப்பட்டது. ஊரில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்வரத் தொடங்கினார்கள். கிளப் மட்டும் எப்படியோ நின்றது. கிளாஸ் கழுவியது, டிரே தூக்கியது, கவுன்டருக்குள் நுழைந்தது என்று சில வருடங்கள் போயின. அவற்றில் சொல்ல அதிகம் இல்லை.

சொல்ல வேண்டியதெல்லாம் ரத்தினம் அண்ணனைப் பற்றித்தான். முழுப்பெயர் முனிரத்தினம். பாருக்கு அவர்தான் பெரியவர். ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தார். மனைவி முன்பே இறந்துவிட்டார், மகள் திருமணமாகி ஓசூரில். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்தால் பக்கத்தில் இருக்கும் கிளாஸை நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் போதும், நாங்கள் திரும்பிப் பார்த்துவிடுவோம். பவுடர் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தால் முகம் கழுவிவிட்டு வரச் சொல்லுவார். தலைக்கு எண்ணெய் வைத்தாலும் அப்படித்தான். அவரே வாசனைச் சோப்புப் போட மாட்டார். துணி துவைக்கிற சோப்பில்தான் குளிப்பார்.

காரணம் அவர் மூக்கு. பாரில் வாழ்நாள் முழுவதும் நின்றவர், ஒரு சொட்டுக்கூட விழுங்கியதில்லை. எல்லாம் வாசனைதான். கிளாஸை மூக்குக்குக் கீழே பிடித்து, கண்ணை மூடி, ஒரு தடவை இழுப்பார். அவ்வளவுதான். பாட்டில் வெயிலில் கிடந்ததா, கார்க் கெட்டுப்போனதா, சோடா நேற்றையதா, எல்லாம் தெரிந்துவிடும்.

கோடை விருந்து கிளப்பில் பெரிய நாள். ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாம் மே மாதத்தில்தான் திரும்பி வருவார்கள். பெங்களூர், சென்னை, சிலர் ஆஸ்திரேலியாவிலிருந்தும். சாயங்காலம் புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் யார் வீடு இடிந்தது, யார் பெண்ணுக்குக் கல்யாணம் என்று பேச்சு ஓயாது. அவர்களுக்காக வெள்ளை ஒயினில் பழம் போட்டுக் கலக்குவதுதான் வெள்ளைக் கப். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதற்கு அந்தப் பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நம் பேச்சில் கப்பு என்றால் நாற்றமல்லவா.

செய்வது இப்படி. முதலில் பழம். கோலார்ப் பக்கம் மாம்பழத்துக்குக் குறைவில்லை. ஆனால் ரஸ்புரி கூடாது, ஒயினில் விழுந்ததும் கரைந்து கூழாகிவிடும். கிளிமூக்கு பழுக்கத் தொடங்குகிற பதத்தில் வேண்டும், தோலில் பச்சை பாதி இருக்க வேண்டும். அதைச் சின்னச் சதுரங்களாக நறுக்க வேண்டும். கூடவே கிர்ணிப் பழம், இரண்டாக வெட்டிய பச்சை திராட்சை, கொஞ்சம் ஆப்பிள். எலுமிச்சையை அண்ணனே நறுக்குவார். கண்ணாடி போல மெல்லிசாக, விதை ஒன்றுகூட இல்லாமல். விதை ஊறினால் கசக்கும். சர்க்கரையை எலுமிச்சைத் தோலோடு தண்ணீரில் காய்ச்சி, தோலை எடுத்துவிட்டு, ஆறவைத்த பாகில் பழங்களைப் போட்டு, ஒரு கை பிராந்தி விட்டு, மூடிக் குளிரில் வைக்க வேண்டும். மத்தியானம் வைத்தால் சாயங்காலத்துக்குப் பழம் பிராந்தியை முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும். வெளியே தெரியாது. கடித்தால்தான் தெரியும்.

அடுத்தது ஒயின். ஒவ்வொரு பாட்டிலையும் திறந்தவுடன் நேராகக் கிண்ணத்தில் ஊற்றக் கூடாது. கொஞ்சத்தைத் தனிக் கிளாஸில் ஊற்றி வாசனை பார்க்க வேண்டும். கார்க் கெட்டிருந்தால் நனைந்த சாக்கு வாசனை வரும். அப்படி ஒரு பாட்டில் கலந்தாலும் கிண்ணம் முழுக்கப் போயிற்று. பிறகு ஐஸ். சின்னக் கட்டிகள் சீக்கிரம் உருகித் தண்ணீராக்கிவிடும் என்பதால், காய்ச்சிய தண்ணீரைக் குண்டானில் ஊற்றி ஒரே பாளமாக உறையவைப்போம். சோடா கடைசியில், கிண்ணத்தின் ஓரமாக வழியவிட்டு. புதினாவைக் கசக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு தட்டுத் தட்டிப் போட வேண்டும். பிறகு மெல்லிய துணியால் கிண்ணத்தை மூடிவிட வேண்டும். மே மாதக் காற்றில், தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிக் கிடக்கும் சயனைடு மேட்டு மண் பறந்து வரும். அது விழுந்தால் பழத்தைக் கடிக்கும்போது பல்லில் நறநறக்கும்.

இதோடு இன்னொரு கிண்ணமும் உண்டு, குடிக்காதவர்களுக்கு. அதே பழம், பிராந்தி இல்லாத பாகு, ஒயினுக்குப் பதில் வெள்ளை திராட்சைச் சாறு, அதே சோடா, அதே புதினா. ஆரம்பத்தில் அதைப் பிளாஸ்டிக் ஜக்கில் வைத்துப் பேப்பர் டம்ளரில் கொடுப்போம். ஒரு வருடம் அண்ணன் அதை நிறுத்திவிட்டார். இதற்கும் கண்ணாடிக் கிண்ணம், இதற்கும் காம்பு வைத்த கிளாஸ் என்றார். "குடிக்காதவன ஓரமா நிக்க வைக்காதீங்கப்பா. அவன் கையிலும் அதே கிளாஸ் இருக்கட்டும். பாக்கறவனுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது" என்றார். யாருக்காக அப்படிச் சொன்னார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். தயாளனுக்காக.

தயாளன் கிளப்பில் மோட்டாரும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொண்டவன். சாம்பியன் ரீப்ஸ்காரன், எங்களைவிட வயதில் மிகவும் சின்னவன். கை வேலை அருமையாகச் செய்வான். ஆனால் அவனை அண்ணன் முதலில் பார்த்தது ரயில்வே ஸ்டேஷன் ஓரத்தில், காலை வெயிலில், எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது. அப்பா இல்லை, அம்மா இல்லை. கட்டின மனைவி மல்லிகா தையல் மெஷின் மிதித்துச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பெங்களூரில் குடி நிறுத்தும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். திரும்பி வந்ததும் கிளப் செக்ரட்டரியிடம் தானே பொறுப்பு என்று சொல்லி வேலையில் வைத்தார்.

அதன்பின் தினமும் சாயங்காலம் ஒரு சடங்கு நடக்கும். தயாளன் வேலைக்கு வந்ததும் பேன்ட்ரி வாசலில் நிற்பான். அண்ணன் கிட்டே போய் கண்ணை மூடி ஒரு தடவை மூச்சை இழுப்பார். "போ" என்பார். அவன் சிரித்துக்கொண்டே ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போவான். "அண்ணன் மூக்குக்குப் பயந்து பழைய சோறு தண்ணிகூடக் குடிக்கறதில்லபா" என்று எங்களிடம் சொல்லுவான். ஒருநாள் மெதுவாக ஏமாற்றிப் பார்த்திருக்கிறான், ஏலக்காய் மென்றுகொண்டு வந்து. அண்ணன் கன்னத்தில் ஒன்று விட்டார். நான் பார்த்து அவர் கை ஓங்கியது அந்த ஒருமுறைதான். அதற்கப்புறம் தயாளன் தொடவில்லை. வருடங்கள் ஓடின. மல்லிகா முகத்தில் சதை வைத்தது. கோடை விருந்து அன்று இரண்டாவது கிண்ணத்திலிருந்து முதல் கிளாஸைத் தயாளனுக்குத்தான் அண்ணன் தன் கையால் ஊற்றிக் கொடுப்பார். மற்றவர்களுக்கு அப்புறம்தான்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்தது போல எனக்கும் அண்ணனுக்கும் வந்தது. எனக்கு வாசனை போய், சில வாரத்தில் திரும்பிவிட்டது. முதலில் தெரிந்தது மண்ணெண்ணெய். அண்ணனைக் கேட்டேன். "வந்துடுச்சி, வந்துடுச்சி" என்றார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கிளப் திறந்ததும் பழையபடி கவுன்டருக்குப் பின்னால் நின்றார். கிளாஸை மூக்குக்குக் கீழே பிடித்தார், கண்ணை மூடினார், தலையாட்டினார். ஒரு பையன் சென்ட் போட்டுக்கொண்டு வந்தபோது ஒன்றும் சொல்லாமல் விட்டார். வயதாகிவிட்டது, கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் பேன்ட்ரி அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே நின்று கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் ஓடிவந்து அணைத்தேன். "யோசனைல இருந்துட்டேன்" என்றார். நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த கோடை விருந்து. ஊரடங்கில் அடைந்து கிடந்துவிட்டு ஜனங்கள் முதல்முறையாகத் திரும்பி வந்த வருடம். கூட்டம் அதிகம். மத்தியானம் பழம் நறுக்கி, பாகில் போட்டு, இரண்டு பாத்திரத்திலும் மூடி வைத்தோம். இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் பாத்திரம். பிராந்தி விட்டதன் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். அது எங்களுக்காக. அண்ணனுக்கு மூடியைத் திறந்தாலே போதும்.

மூன்று மணிக்கு மேல் இடி மழை வந்து கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் உடனே எடுக்கவில்லை. தயாளன் மேலெல்லாம் டீசலாக அதோடு போராடிக்கொண்டிருந்தான். பழம் கெட்டுவிடக் கூடாது என்று பாத்திரங்களை எடுத்து ஐஸ் டப்பில் இறக்கினோம். யார் எதை இறக்கினோம் என்று ஞாபகமில்லை, எல்லோருமாகச் சேர்ந்து அவசரத்தில் செய்தது. ஈரத்தில் துணி அவிழ்ந்து டப்பின் அடியில் போய்விட்டது. சாயங்காலம் மழை நின்று, விளக்கும் வந்து, நான் புல்வெளியில் மேஜை போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் பேன்ட்ரியில் தனியாகக் கிண்ணங்களைக் கலக்கினார். ஒயின் எந்தக் கிண்ணத்தில், சாறு எந்தக் கிண்ணத்தில் என்பதில் தவறவில்லை. பழம்தான் மாறிவிட்டது.

எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவர், வருடாவருடம் இரண்டாவது கிண்ணத்திலிருந்தே குடிப்பவர், என்னைக் கூப்பிட்டார்.

"குமாரு, இதுல இன்னாவோ வாசனை வருது பாரு."

கிளாஸை வாங்கினேன். வாய்க்குக்கூடக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. ஒரு மாம்பழத் துண்டை எடுத்து நசுக்கியதும் பிராந்தி குப்பென்று வந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிண்ணத்தையே தூக்கிக்கொண்டு பேன்ட்ரிக்கு வந்தேன். அண்ணன் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பழம் மாறிப்போச்சி."

அவர் கத்தியை வைத்துவிட்டுக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து மூக்கிடம் பிடித்தார். வழக்கம்போலக் கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு கரண்டியை என்னிடம் நீட்டினார்.

"நீ பாரு."

"பாத்துட்டுத்தாணா சொல்றேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியல குமாரு" என்றார். "ஜுரம் வந்ததுல இருந்து ஒண்ணுமே தெரியல. காப்பித்தூளத் தெரியல. சாம்பிராணியத் தெரியல."

நான் பதில் சொல்வதற்குள் அவர் முகம் மாறியது. "தயாளன்" என்றார். முதல் கிளாஸ் வழக்கம்போல அவனுக்குத்தான் போயிருந்தது. பின்கதவு வழியாக ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

ஜெனரேட்டர் ஷெட் வாசலில் கவிழ்த்துப் போட்ட டீசல் டின் மேல் தயாளன் உட்கார்ந்திருந்தான். கிளாஸில் சாறு தீர்ந்திருந்தது. அடியில் கிடந்த பழத்துண்டுகளை விரலால் ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது.

"தயாளு, அத கீழ வை. தெரியாம மாறிப்போச்சிப்பா" என்றார் அண்ணன்.

தயாளன் சிரித்தான். "மொதல் துண்டுலயே தெரிஞ்சிப் போச்சிணா. அண்ணன் கையால குடுக்கறாரு, இத்தினி வருசம் ஒழுங்கா இருந்ததுக்கு ஒரு நாளைக்குப் பரவால்லன்னு குடுக்கறாருன்னு நெனச்சேன்."

"இல்லடா. மாறிப்போச்சி."

"உங்களுக்கா? உங்க மூக்குக்குத் தெரியாம மாறுமா?"

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் செக்ரட்டரி வராந்தாவிலிருந்து கூப்பிட்டார். தயாளன் கிளாஸை என்னிடம் கொடுத்துவிட்டு, "போங்கணா, நான் ஒண்ணும் யாராண்டயும் சொல்ல மாட்டேன்" என்றான். தனக்குக் கிடைத்த ஒரு பரிசை ரகசியமாக வைத்துக்கொள்வது போலச் சொன்னான்.

அந்த வாரமே அவன் பழைய இடத்துக்குப் போய்விட்டான். ஸ்டேஷன் ஓரத்துச் சாராயக் கடையில் நிற்கிறான் என்று ஒருவர், லைன் வீடுகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தான் என்று இன்னொருவர். வேலைக்கு வருவது நின்றது. ரத்தினம் அண்ணன் செக்ரட்டரியிடம் போய் வயதாகிவிட்டது, முடியவில்லை என்று சொல்லி வேலையை விட்டார். எதனால் என்று என்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. விருந்தில் நடந்ததை எல்லோரும் சிரித்துப் பேசி மறந்துவிட்டிருந்தார்கள். பெரியவர் கையும் ஒருநாள் தவறும் என்று செக்ரட்டரி தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

அன்று அவரோடு ஊரிகம் வரை நடந்தேன். "தயாளன்கிட்ட உண்மையச் சொல்லிடலாமே. நீங்க தெரிஞ்சி குடுக்கலன்னு புரிஞ்சிக்குவான்" என்றேன்.

அவர் நடந்துகொண்டே தலையை ஆட்டினார். "அவன் இத்தினி வருசம் தொடாம இருந்தது எதனாலன்னு நெனக்கற? ஆஸ்பத்திரி மருந்தா? எனக்குத் தெரிஞ்சிடும்னு ஒரு பயம், அதான். அதுவும் இல்லன்னு தெரிஞ்சா அவனுக்கு வேற இன்னா கீது? மூக்கு போச்சின்னு மட்டும் அவனாண்ட யாரும் சொல்லாதீங்க. நான் தினமும் போய் பக்கத்துல உக்காந்துக்கறேன். பயந்துக்கினாவது நிறுத்துவான்."

சொன்னபடியே செய்தார். தினமும் காலையில் ஊரிகத்திலிருந்து சாம்பியன் ரீப்ஸுக்கு நடப்பார். தயாளன் வீட்டு வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. இருவரும் அதில் உட்காருவார்கள். வந்ததும் முன்பு பேன்ட்ரி வாசலில் செய்தது போலவே அவனுக்குக் கிட்டே போய் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொள்வார். பேச்சு மோட்டாரைப் பற்றி, மழையைப் பற்றி. வெயில் ஏறியதும் எழுந்து வந்துவிடுவார். கிளப்புக்கு வந்து என்னிடம் சொல்லுவார்: "நல்லாத்தான் பேசறான். வார்த்தை குழறல. கை நடுங்கல. நிறுத்திட்டான்னு நெனக்கறேன்."

ஒருநாள் தயங்கித் தயங்கி, "நீ ஒரு தபா வந்து பாக்கறியா" என்று கேட்டார். பாரில் எனக்குக் காலை ஷிப்ட் இருந்ததால் சட்டென்று போக முடியவில்லை. ஆடிக் கிருத்திகை அன்று லீவு கிடைத்தது. போனேன். தயாளன் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். காவடி பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு மிக அருகில் போய்த் தோளில் கை போட்டுப் பேசினேன். விபூதி வாசனை, சோப்பு வாசனை, வேறு ஒன்றும் இல்லை. திரும்பி வரும் வழியில் அண்ணனிடம் சொன்னேன். அவர் நடையை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "நான்தான் சொன்னனே" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கார்த்திகை மழையில் தயாளன் ரத்தமாக வாந்தி எடுத்தான். இங்கே அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கோலாருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஈரல் முழுக்கப் போய்விட்டது, இத்தனை நாள் நடமாடியதே பெரிது என்று டாக்டர் சொன்னதாக மல்லிகாவின் தம்பி வந்து சொன்னான். அண்ணன் ஒரே கேள்வி கேட்டார். "எப்ப இருந்து?" மல்லிகாவின் தம்பிக்கு அவர் கேட்டது புரியவில்லை. "அவரு எப்பணா நிறுத்துனாரு" என்றான்.

மழை நனைத்த சாம்பியன் ரீப்ஸ் சுடுகாட்டில் அண்ணன் எல்லோருக்கும் பின்னால், சுவரோரம் நின்றார். குடை பிடித்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு மல்லிகா வீட்டுக்குப் போனார். மல்லிகா கதவோரம் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து பெஞ்சைத் துடைத்தாள். அண்ணன் உட்காரவில்லை.

"மல்லிகா, உன்னாண்ட ஒரு விசயம் சொல்லணும்மா. இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல், மூக்கு, சிவப்புத் துணி, தன் கையால் கொடுத்த கிளாஸ். குரல் எங்கும் தடுமாறவில்லை. "அவன் பயப்படட்டும்னு மறைச்சேன். தினமும் இங்க வந்து உக்காந்தேன். அவன் குடிச்சிருக்கான்னு எனக்கு ஒரு நாள்கூடத் தெரியல."

மல்லிகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பாதி தைத்த துணி இருந்தது.

"அப்ப நீங்க தெரிஞ்சிக்கினு வந்து உக்காரலயாணா?"

"இல்லம்மா."

அவள் மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"காலைல எழுந்ததும் குடிச்சிடுவாருணா. குடிக்கலன்னா கை நடுங்கும். குடிச்சிட்டு, நீங்க வர்ற நேரத்துக்கு வாசல்ல உக்காருவாரு. ஆடிக் கிருத்திகை அன்னிக்கி மட்டும்தான் விரதம்னு தொடல. நீங்க வந்து வாசனை பாப்பீங்க, ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, உக்காந்துக்குவீங்க. நீங்க போனப்புறம் அழுவாரு. 'அண்ணனுக்குத் தெரியாம இருக்குமா மல்லி? தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கல பாரு. திட்டல, அடிக்கல. பெத்தவங்ககூட என்ன இப்படி வச்சிக்கல'ன்னு சொல்லுவாரு. கோலார் ஆஸ்பத்திரிலகூட அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு."

அண்ணன் இப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பேம்மா" என்றார். "அன்னிக்கி மாதிரி கன்னத்துல ஒண்ணு விட்டு, இழுத்துக்கினு போய் ஆஸ்பத்திரில போட்டிருப்பேன்."

"தெரியும்ணா."

"நான் எதையும் பொறுத்துக்கினு உக்காரல. எனக்குத் தெரியல, அவ்ளோதான்."

"அது அவருக்குத் தெரியாதில்ல" என்றாள் மல்லிகா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு அப்படி நெனச்சிக்கினே போய்ட்டாரு. போவட்டும்ணா."

உள்ளே சோறு கொதிக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போய் வடித்துவிட்டு வந்து, "சாப்ட்டுட்டுதான் போணும்" என்றாள். இரண்டு தட்டில் போட்டாள். கீரைக் குழம்பு. அண்ணன் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார்.

நான் கிளப்பிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் காலை நேரம் மிச்சமாக இருக்கிறது. சில நாள் அந்தப் பக்கம் நடந்து போவேன். அண்ணன் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. மல்லிகாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அண்ணனையும் கேட்டேன், எழுது என்றார். மல்லிகாவுக்கு இப்போது ராபர்ட்சன்பேட்டைக் கடைகளிலிருந்து ரவிக்கை வேலை நிறைய வருகிறது. அவள் கதவோரம் மெஷின் மிதிக்க, அண்ணன் வாசல் பெஞ்சில் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, தைத்து முடித்த ரவிக்கைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொக்கி வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.